விட்டத்தைத் தொட்ட கள்ளி

வீட்டுக்குள் வைத்த கள்ளி விட்டத்தை எட்டிவிட்டது என்றால் உடனே கத்தியைத் தேட வேண்டாம். முதலில் தண்டை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கிறதா? அல்லது ஓரிடத்தில் ஒடுங்கி, அதற்கு மேலே வெளிர் பச்சையாக, முள்ளெல்லாம் குட்டையாகி, மெழுகுவத்தி மாதிரி மெலிந்து போயிருக்கிறதா? முதலாவது, நன்றாக வளர்ந்த செடி. அதற்கு இடம்தான் போதவில்லை. இரண்டாவது வளர்ச்சியே இல்லை, வெளிச்சம் எட்டாமல் இழுத்துக்கொண்டு போனது. இரண்டையும் வெட்டித்தான் ஆக வேண்டியிருக்கும். ஆனால் வெட்டும் இடம் வேறு. வெட்டிய பிறகு செடியை வைக்க வேண்டிய இடமும் வேறு.

ஒடுங்கிய இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் குறைந்த மாதங்களில், அறை கதகதப்பாக இருந்து, தண்ணீரும் வழக்கம்போல் விழுந்துகொண்டே இருந்தால் கழுத்து விழும். வெளிச்சம் இல்லாமல் சதை பிடிக்காது. தண்ணீரும் வெப்பமும் இருப்பதால் நீளுவது மட்டும் நிற்காது. பிறகு எவ்வளவு வெயில் காட்டினாலும் அந்தக் கழுத்து பழைய பருமனுக்கு வராது. புதிதாக மேலே வருவதுதான் பருத்து வரும். அதனால் நிலைமை இன்னும் மோசமாகும்: மேலே பாரம் கூடும், நடுவில் தாங்குவதற்கு ஆள் இருக்காது. ஆளுயரக் கள்ளி நடுவில் மடங்கி விழுவது பெரும்பாலும் இந்தக் கழுத்தில்தான்.

இன்னொன்றையும் கத்தி எடுப்பதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டும். நம் மொழியில் கள்ளி என்ற சொல் இரண்டு வேறு குடும்பங்களுக்கும் சேர்த்தே புழங்குகிறது. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த நிஜமான காக்டஸ். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா இனம், காக்டஸுக்குச் சொந்தமே இல்லை. வீட்டுக்குள் உயரமாக வளர்க்கப்படுபவற்றில் செரியஸ் காக்டஸ். மூன்று முனை கொண்டு, ஓரங்களில் சிறு இலைகளோடு கொத்தாக நிற்கும் யூஃபோர்பியா டிரைகோனா காக்டஸ் இல்லை. பிரித்தறிய முள்ளின் அடியைப் பாருங்கள். காக்டஸில் ஒவ்வொரு முள் கொத்தும் பஞ்சு வைத்தது போன்ற ஒரு சின்னப் புள்ளியிலிருந்து கிளம்பும். இந்தப் புள்ளிக்கு ஏரியோல் என்று பெயர். யூஃபோர்பியாவில் அந்தப் பஞ்சு இருக்காது. முள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, தண்டின் விளிம்பிலேயே ஒட்டியிருக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஊசியால் லேசாகக் குத்துங்கள். உயரமான தூண் போன்ற செடியில் வெள்ளைப் பால் வடிந்தால் அது யூஃபோர்பியா.

இந்த வேறுபாடு ஏட்டுப் படிப்புக்கு அல்ல. அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. யூஃபோர்பியாவை வெட்டும்போது கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். வெட்டிய வாயைத் தண்ணீரில் நனைத்தால் அல்லது தண்ணீர் தெளித்தால் பால் வடிவது நிற்கும். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வெறும் தண்ணீருக்கு அது சரியாகப் போகாது. கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது. மற்றபடி கீழே சொல்லும் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

வெட்டாமல் சமாளிக்க முடியாதா என்று கேட்டால், கொஞ்ச காலத்துக்கு முடியும். தண்டு ஒரே பருமனாக இருந்து, தொட்டி மட்டும் ஆடுகிறது என்றால் கனமான மண் தொட்டிக்கு மாற்றி, மேலே கூழாங்கல் பரப்பினால் போதும். முட்டுக்கொம்பு கொடுப்பதானால் செடியின் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை கொடுத்து, அகலமான துணி நாடாவால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கம்பியோ சணலோ மடிப்புகளை அறுத்துவிடும். ஆனால் கழுத்து விழுந்த செடிக்கு முட்டுக்கொடுப்பது தள்ளிப்போடுவதுதான். கொம்பை எடுக்கும் நாள் வரவே வராது.

சிலர் நுனியை மட்டும் ஒரு சாண் கிள்ளிவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. குருத்து இருக்கும்வரை அது பக்கத்துத் துளிர்களை அடக்கி வைத்திருக்கும். குருத்து போனதும் வெட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள ஏரியோல்கள் கண் திறக்கும். விட்டத்துக்கு ஒரு சாண் கீழே ஒன்றுக்கு மூன்றாகக் கிளைகள் கிளம்பினால் பிரச்சினை மூன்று மடங்கு. வெட்டுவதாக இருந்தால் தாழ்த்தி வெட்ட வேண்டும்.

எவ்வளவு தாழ்த்தி? அடிக்கட்டையில் குறைந்தது 15 முதல் 20 செ.மீ. பச்சைத் தண்டு மிஞ்ச வேண்டும். வயதான கள்ளியின் அடி பழுப்பாகி மரப்பட்டை போல் இறுகியிருக்கும். அது நோயில்லை, முதுமை. தொட்டால் கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம், மெத்தென்று அமுங்கினால் அழுகல். அந்தப் பட்டை பிடித்த பகுதியில் துளிர் வருவது கடினம் என்பதால் பச்சை மிஞ்சுவது முக்கியம். கழுத்து விழுந்த செடியில் வெட்டு கழுத்துக்குக் கீழே, நல்ல பருமனான இடத்தில் விழ வேண்டும். மேல் துண்டிலும் கழுத்தை விட்டுவைக்காதீர்கள். அதற்கு மேலே பருத்த நுனி இருந்தால் அதை மட்டும் நடுங்கள். கழுத்துப் பகுதியைத் தூக்கிப் போடுங்கள். மனசு வராதுதான். ஆனால் மெலிந்த துண்டு வேர் விட்டாலும் ஒல்லியான அடியின் மேல் பருத்த செடியாகத்தான் வரும், பழைய கதையே மறுபடி.

நேரம்: செடி புதிதாக வளரத் தொடங்கும் பருவத்தின் ஆரம்பம். வெட்டிய பிறகு இரண்டு மூன்று மாதம் கதகதப்பும் வெளிச்சமும் தொடர்ந்து இருக்க வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்த மாதத்தில் வெட்டினால் காயம் ஆறுவதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும். வெட்டுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். நீர் நிறைந்த தண்டைவிடச் சற்று வாடிய தண்டின் காயம் சீக்கிரம் உலரும்.

துண்டின் எடையைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 10 செ.மீ. குறுக்களவும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தண்டு முழு உருளையாக இருந்தால் கிட்டத்தட்ட 8 லிட்டர் கொள்ளளவு. மடிப்புகளுக்கு இடையில் உள்ள பள்ளத்தைக் கழித்தாலும் 4, 5 கிலோ தேறும், ஏனென்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். முள்ளோடு கூடிய 5 கிலோ ஒற்றைக் கையில் நிற்காது. இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்ட. பிடிப்பதற்குச் செய்தித்தாளை நீளவாக்கில் ஏழெட்டு மடிப்பாக மடித்துப் பட்டையாக்கி, தண்டைச் சுற்றி இரண்டு இடத்தில் வளைத்து, முனைகளைச் சேர்த்துக் கைப்பிடி போலப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கால்மிதி இன்னும் நல்லது. துண்டு, துவாலை வேண்டாம், முள் நூலில் சிக்கிப் பிய்த்துக்கொண்டு வரும். சப்பாத்திக்கள்ளி வகை என்றால் பெரிய முள்ளைவிட அந்தப் பஞ்சுப் புள்ளியில் இருக்கும் மயிர் போன்ற நுண்முள்தான் எமன். அது தோல் கையுறையிலும் ஏறி உட்கார்ந்து அடுத்த முறை போடும்போது குத்தும். அதற்கு இடுக்கி மட்டுமே. நல்ல வேளை, அந்த வகையில் கத்திக்கும் பெரிய வேலையில்லை. மடலும் மடலும் சேரும் கணுவில் வெட்டினால் காயம் சின்னதாக இருக்கும்.

கத்தி தண்டின் குறுக்களவைவிட நீளமாக, கூர்மையாக இருக்க வேண்டும். ரொட்டி வெட்டும் நீளக் கத்தி பெரும்பாலான செரியஸுக்குப் போதும். நடுவில் மரம் பிடித்திருந்தால் சின்ன ரம்பம். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அலகைத் துடைத்து, ஈரம் போகும்வரை விடுங்கள். பிறகு அவசரப்படாமல், கத்தியை அழுத்தாமல், இழுத்து இழுத்து ஒரே மட்டமாக வெட்டுங்கள். முக்கால்வாசி வந்ததும் நிறுத்தி, பிடித்திருப்பவர் பாரத்தை முழுதாகத் தாங்கியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை முடியுங்கள். இல்லையென்றால் கடைசிக் கால்வாசி ஒடிந்து, அடிக்கட்டையின் தோலை ஒரு நீள உரியலாக உரித்துக்கொண்டு போகும்.

இப்போது வெட்டுவாயைப் பாருங்கள். நடுவில் ஒரு வளையம் தெரியும். தண்ணீரும் உணவும் போய்வரும் குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. வளையமும் சுற்றியுள்ள சதையும் வெண்பச்சையாக, கறையில்லாமல் இருந்தால் சரி. வளையத்தில் ஆரஞ்சு அல்லது பழுப்புப் புள்ளி இருந்தால் அழுகல் உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம். வெளியே ஆரோக்கியமாகத் தெரிவதை நம்பாதீர்கள். 2, 3 செ.மீ. தள்ளி மறுபடி சீவுங்கள், புள்ளி மறையும்வரை சீவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் நடுவில் கத்தியை ஆல்கஹாலால் துடைக்காவிட்டால் அழுகலைத் தூக்கி நல்ல சதையில் நீங்களே வைப்பதாகும்.

அடுத்த வேலையைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். மேல் துண்டின் அடி ஓரத்தைச் சுற்றிலும், பென்சில் சீவுவது போல, 1 செ.மீ. அளவுக்குச் சரிவாகச் செதுக்குங்கள். காரணம் இருக்கிறது. காயும்போது நடுச்சதை சுருங்கி உள்ளே போகும். வெளித்தோல் தடித்தது, சுருங்காது. செதுக்காமல் விட்டால் அடிப்பாகம் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். வேர் வருவது நடு வளையத்திலிருந்து. குழிக்குள் இருக்கும் வளையம் மண்ணைத் தொடாது, வந்த வேர் காற்றில் தொங்கும். ஓரத்தைச் சரித்துவிட்டால் வளையம்தான் மண்ணில் முதலில் படும். அடிக்கட்டைக்கும் இதே குழி விழும், ஆனால் அங்கே தண்ணீர் தேங்குவதுதான் ஆபத்து. அதனால் அதன் ஓரத்தையும் சரித்து, முடிந்தால் மொத்த வாயையுமே ஒரு பக்கம் சாய்வாக வெட்டிவிடுங்கள். கந்தகத் தூள் இருந்தால் இரண்டு வாயிலும் மெல்லியதாகத் தூவலாம். சமையலுக்கான இலவங்கப்பட்டைத் தூள் தூவுபவர்களும் உண்டு. இரண்டும் இல்லாவிட்டாலும் குடி முழுகாது, காற்றோட்டம்தான் மருந்து. மெழுகு, பெயின்ட், பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது மட்டும் கூடாது. உள்ளே ஈரம் அடைபட்டு அழுகும்.

வெட்டுவது பத்து நிமிட வேலை. செடி பிழைப்பதும் சாவதும் அதற்குப் பிறகு காயவிடும் நாட்களில். 5 செ.மீ. குறுக்களவுள்ள போத்துக்கு, அதாவது நடுவதற்காக வெட்டிய துண்டுக்கு, 7 முதல் 10 நாள், 10 செ.மீ. என்றால் இரண்டு முதல் நான்கு வாரம், அதற்கும் மேல் பருமன் என்றால் ஆறு வாரம்கூட ஆகலாம். நாட்காட்டியைவிட விரலை நம்புங்கள். பொருக்கு நன்றாகத் தட்டிய வாயில் நகத்தால் தட்டினால் காய்ந்த தோலைத் தட்டுவது போல் ‘டொக்’கென்று கேட்கும், எங்கும் ஈரம் ஒட்டாது. நடுவில் மட்டும் கொஞ்சம் அமுங்குகிறது என்றாலும் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். நாள் கூடிப் போனதால் கள்ளி சாகாது. உடம்பிலேயே தண்ணீரை வைத்திருப்பதால் இரண்டு மாதம் மண்ணில்லாமல் கிடந்தாலும் தாங்கும். அவசரப்பட்டு ஈர மண்ணில் வைத்ததால்தான் சாகும்.

காயும் காலத்தில் போத்து நிமிர்ந்தே நிற்கட்டும். வாரக்கணக்கில் படுக்கவைத்தால் நுனி வெளிச்சத்தை நோக்கி வளையும், வேரும் அடியில் வராமல் தரையைத் தொட்ட பக்கவாட்டில் வரத் தொடங்கும். காலி வாளிக்குள் கசக்கிய செய்தித்தாளை அடைத்து அதற்கு நடுவில் நிறுத்தலாம், ஆனால் வெட்டுவாய் தாளில் புதைந்திருக்காமல் அடியில் காற்றுப் போக வேண்டும். கம்பி வலையின் மேல் நிறுத்தி நாற்காலிக் காலோடு சேர்த்துக் கட்டினால் இன்னும் வசதி. நேர் வெயில் வேண்டாம், நிழலான வெளிச்சம் போதும்.

நீளமான துண்டை அப்படியே நடுவதா, கூறு போடுவதா என்றால், கூறு போடுவதே என் கட்சி. 30 முதல் 45 செ.மீ. நீளமுள்ள போத்துதான் நிற்கவும் எளிது, வேர் பிடிக்கவும் எளிது. 1 மீட்டர் துண்டு ஒவ்வொரு முறை அசையும்போதும் இளம் வேர் அறுந்துகொண்டே இருக்கும். நடுத்துண்டுகளும் முளைக்கும், அவற்றுக்கு நுனி இல்லாததால் நேராக வளராமல் பக்கக் கிளை விடும், அவ்வளவுதான். எது மேல், எது கீழ் என்று வெட்டும் முன்பே ஒவ்வொரு கூற்றிலும் மார்க்கரால் அம்புக்குறி போட்டுவிடுங்கள். காய்ந்து முடிந்த பிறகு இரண்டு முனையும் ஒரே மாதிரிதான் இருக்கும், தலைகீழாக நட்டால் வேர் வராது.

தொட்டி சின்னதாக இருக்க வேண்டும். 10 செ.மீ. தண்டுக்கு 15 முதல் 18 செ.மீ. வாயுள்ள, அடியில் துளையுள்ள மண் தொட்டி போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். கலவை: சலித்த மக்கு மண் ஒரு பங்கு, 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள பெர்லைட், பியூமிஸ் (இரண்டும் நுண்துளைகள் கொண்ட இலேசான கல்) அல்லது செங்கல் சில்லு இரண்டு பங்கு. பூச்சு வேலைக்கான நைஸ் மணலைச் சேர்த்தால் கலவை இளகுவதற்குப் பதில் இறுகும். தொட்டியின் அடியில் கல் அடுக்கினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பதும் தவறான நம்பிக்கை. பொடி மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, மண் முழுக்க நனைந்து நிரம்பிய பிறகுதான் இறங்கும். ஈரம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

போத்தை 3 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். ஆடாமல் நிற்க வேண்டுமே என்று ஆழமாகப் புதைப்பதுதான் வழக்கமான தப்பு. பொருக்குத் தட்டிய அடிவாய்க்குத்தான் மண் பழக்கம், அதற்கு மேலே உள்ள பச்சைத் தோல் ஈர மண்ணில் புதைந்தால் கறுக்கும். நிற்பதற்குச் சுற்றிலும் மூன்று குச்சி ஊன்றி நாடாவால் பிணையுங்கள். மண் காய்ந்தே இருக்கட்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து முதல் தண்ணீர், அதுவும் ஒரு டம்ளருக்குள், மண்ணின் ஓரத்தைச் சுற்றி. பிறகு மண் முழுதும் காய்ந்த பின் அதே அளவு. கதகதப்பான பருவத்தில் நான்கு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். நுனி பளிச்சென்று பச்சை காட்டுவதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், சேமித்த தண்ணீரிலேயே அது கொஞ்சம் வளரும். தண்டைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள்: மண்ணோடு பிடித்து இழுத்தால் வேர் இருக்கிறது, தளர்வாக வந்தால் இல்லை. அடிப்பக்கம் சுருக்கம் விழுந்தால் பயப்பட வேண்டாம், வேர் வந்து தண்ணீர் ஏறியதும் நிமிர்ந்துவிடும். அடிப்பக்கம் மஞ்சளாகி, நீர்த்துக் கசிந்தால் உடனே பிடுங்கி, நல்ல சதை வரும்வரை வெட்டி, காயவிடுவதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

அடிக்கட்டையை யாரும் கண்டுகொள்வதில்லை. உண்மையில் அதுதான் இரண்டில் பலமான செடி: வேர் முழுதாக இருக்கிறது, மேலே பாரம் இல்லை. ஆனால் செலவழிக்கும் தண்டு குறைந்துவிட்டதால் பழைய அளவு தண்ணீர் கொடுத்தால் அழுகும். வாய் காயும்வரை தண்ணீரே வேண்டாம், துளிர் தெரியும்வரை பாதியளவு. தண்ணீரை மண்ணில் விடுங்கள், வெட்டுவாயில் படவே கூடாது. இரண்டு முதல் நான்கு மாதத்தில் வெட்டுக்குக் கீழே உள்ள ஏரியோலில் முதலில் ஒரு சிவந்த அல்லது இளம்பச்சை மொட்டு தெரியும், கடலை அளவுக்கு. பருவம் தவறி வெட்டியிருந்தால் அது அடுத்த பருவத்தில்தான் வரும், இறந்துவிட்டது என்று வீசிவிடாதீர்கள். மூன்று நான்கு துளிர் வந்தால் எத்தனை வேண்டும் என்று அப்போதே முடிவு செய்யுங்கள். ஒற்றைத் தூணாகவே வேண்டுமானால் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைப் பெருவிரல் அளவு இருக்கும்போதே திருகி எடுங்கள். இரண்டு கிளை வேண்டுமானால் எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ளவற்றை வையுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால் சில வருடத்தில் தொட்டி சாயும். கிளை தண்டோடு சேரும் இடம் எப்போதும் ஒடுக்கமாக இருக்கும். தொட்டியை நகர்த்தும்போது கிளையைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வரும்.

புதுத் துளிர் பருமனாக வர வேண்டுமானால் வீட்டிலேயே வெளிச்சம் அதிகமுள்ள ஜன்னல் ஓரம் வேண்டும். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் வெளுத்த தழும்பு விழும், அது ஆயுசுக்கும் போகாது. இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்புங்கள். வெளிச்சம் குறையும் மாதங்களில் தண்ணீரையும் குறையுங்கள். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த அறை இருந்தால், செரியஸைத் தண்ணீரே இல்லாமல் அங்கே ஓய்வெடுக்க விடலாம். டிரைகோனா போன்ற யூஃபோர்பியாவுக்கு இந்தக் குளிர் ஆகாது, அதைக் கதகதப்பிலேயே வைத்துத் தண்ணீரை மட்டும் குறையுங்கள். நைட்ரஜன் தூக்கலான உரம் வேண்டாம். வெளிச்சம் சரியாகக் கிடைக்கும் செரியஸ் வருடத்துக்கு 30 செ.மீ. அல்லது அதற்கு மேலும் ஏறும். 40 செ.மீ. போத்தாக நட்டது ஐந்து வருடத்தில் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். அடுத்த வெட்டுக்கு விட்டத்தை எட்டும்வரை காத்திருக்காமல், தலைக்கு மேல் இரண்டு சாண் இடம் மிச்சமிருக்கும்போதே, நல்ல பருவம் பார்த்து வெட்டிவிடுங்கள். விட்டத்தில் முட்டிய குருத்து நசுங்கித் தழும்பாகிவிட்டால் அந்த நுனியை நடுவதற்கும் ஆகாது.